மொய் வேண்டாம் என்று அச்சிடலாமா?

கேள்வி: எங்களுடையது தறி வீடு. மகன் படித்து வேலைக்குப் போய் காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூரில் வீடு கட்டியிருக்கிறான். தை மாதம் கிரகப்பிரவேசம். பத்திரிகையில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்று போடச் சொல்கிறான். என் நாத்தனாரோ, "அப்படிப் போட்டால் நான் வாசல்படி மிதிக்க மாட்டேன்" என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, ஏனாத்தூர்

பதில்: நான் நாத்தனார் கட்சி. உங்கள் மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் மொய்யைப் பரிசு என்று நினைத்துவிட்டார். அது கைமாற்று. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் 501 ரூபாய் வைத்திருப்பீர்கள். அவர் வீட்டு மொய் நோட்டில் உங்கள் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். திருப்பிச் செய்ய அவர் காத்துக்கொண்டிருக்கும்போது 'வேண்டாம்' என்றால், அவரைக் கடன்காரியாகவே நிறுத்திவைக்கிறீர்கள். கோபம் வராதா?

புதுக்கோட்டை மாவட்டத்திலும் பேராவூரணிப் பக்கமும் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், ஆடி மாதத்தில் மொய் வாங்குவதற்கென்றே கறி விருந்து வைக்கிறார்கள். திரும்பும் பணத்தில் கடை வைத்தவர்கள், ஆழ்குழாய் கிணறு போட்டவர்கள் உண்டு. வட்டி கிடையாது, ஆனால் திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த அளவுக்கு நமக்கு வேண்டாம்தான்.

ஆகவே அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாசலில் மேசை போட்டு, மைக்கில் தொகை வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். 101 வைத்தவர் காதில் 5,001 விழுந்தால் அவருக்குச் சோறு இறங்குமா? நோட்டு உள்ளறையில் இருக்கட்டும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியைத் தாய்மாமனுக்கு, அதாவது உங்கள் அண்ணன் தம்பிக்கு விடுங்கள். மகனின் அலுவலக நண்பர்களிடம் மட்டும், "சும்மா வாங்க" என்று அவரே வாயால் சொல்லட்டும். அவர்களுக்கு நம் நோட்டில் பழைய கணக்கு இல்லை.

அழைப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். பங்காளி, சம்பந்தி வீடுகளுக்குக் குங்குமச் சிமிழோடு நேரில் போக வேண்டும். வாட்ஸ்அப் படம் முந்தின நாள் ஞாபகப்படுத்தத்தான்.

விருந்துக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவரை நீட்டிவிட்டு, "இன்னொரு முகூர்த்தம் இருக்கு" என்று கை நனைக்காமல் கிளம்புவது கொடுக்காமல் போவதைவிட மோசம். நேரமில்லை என்றால் ஒரு வாய் பாயசமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கிரகப்பிரவேசம் விடியற்காலையில் என்றால் காலைப் பலகாரம்தான் உங்கள் விருந்து. காஞ்சிபுரத்துக்காரர் வீட்டில் மிளகு, சீரகம், சுக்கு போட்ட கோயில் இட்லியை எதிர்பார்ப்பார்கள். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் அது வேக நெடுநேரம் ஆகும். பசியோடு காத்திருந்து சலித்துப்போய் யாரும் கை நனைக்காமல் கிளம்பாமலிருக்க, சமையல்காரரிடம் முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டச் சொல்லிவிடுங்கள்.