மருந்து வேளையும் வீட்டு ஒழுங்கும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதில் ஏ.எல்.எல். எனப்படும் வகைக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். தொடக்க மாதங்கள் மருத்துவமனையை ஒட்டியே கழியும். அதன்பின் வரும் நீண்ட பகுதியான பராமரிப்புச் சிகிச்சை பெரும்பாலும் வீட்டிலேயே நடைபெறுகிறது. அக்காலத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் செவிலியர் அல்லர், தாயோ தந்தையோதான். அவர்களுக்கு வேலையும் உண்டு, சமையலும் உண்டு, பள்ளிக்கு அனுப்ப வேண்டிய மற்றொரு பிள்ளையும் இருக்கலாம். எல்லாவற்றையும் நேரத்தில் முடித்து, வீடு முழுவதையும் பளிச்சென்று வைத்திருக்க எவராலும் இயலாது. ஆகவே, எவற்றில் நேரம் தவறக்கூடாது, எங்கே தூய்மை குறையக்கூடாது என்று பிரித்தறிவதே முதற் பாடம்.

நேரம் தவறக்கூடாதவை

முதலாவது, அன்றாட மாத்திரை. மெர்காப்டோபியூரின் மாத்திரையை நூறு நாள்களில் ஐந்து நாள்களுக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்ததை அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதத்தில் இரண்டு நாள் மறந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். மருத்துவர் சொன்ன வேளையை, வீட்டில் நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள். இரவில் பாய் விரிப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டால், பாயே நினைவூட்டும். கொடுத்தவுடன் நாட்காட்டியில் அந்தத் தேதியை அடித்துவிடுங்கள். "நீ கொடுத்தாயா, நான் கொடுத்தேனா" என்ற ஐயம் எழாது. ஒரு வேளை தவறினாலும், குழந்தை வாந்தி எடுத்துவிட்டாலும், தாமாகவே மறுமுறை கொடுக்காமல் மருத்துவக் குழுவைக் கேளுங்கள்.

இரண்டாவது, வாரத்திற்கு ஒருமுறை தரப்படும் மெத்தோட்ரெக்சேட். இதை நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே இதனைத் தனி டப்பாவில் இட்டு, மேலே கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை நாள். அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தே மருந்தின் அளவு கூட்டவோ குறைக்கவோ படுகிறது. அந்நாள் தள்ளிப்போனால் பழைய அளவே தொடரும்.

நான்காவது, காய்ச்சல். இதற்குக் காத்திருக்க நேரமே இல்லை. பொதுவாக 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியைக் கொல்லாது. வெள்ளணுக்கள் குறைந்துள்ள குழந்தைக்குத் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடக்கூடும்.

இதற்காக ஒரு கட்டைப்பையை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். சிகிச்சைக் கோப்பு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல், இரண்டு மாற்றுடைகள், வண்டிக்கான பணம், இரவில் அழைத்தாலும் வரும் ஆட்டோ ஓட்டுநரின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். தேடுவதில் கழியும் அரைமணி நேரம் இதனால் மிஞ்சும்.

தூய்மை குறையக்கூடாத இடங்கள்

வீடு அழகாக இருப்பது வேறு, குழந்தைக்குத் தீங்கற்றதாக இருப்பது வேறு. மடிக்காத துணிகள் நாற்காலியில் கிடந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்திருக்கக்கூடாது. வெளியிலிருந்து வருபவர் எவராயினும் சோப்பிட்டு 20 நொடிகளாவது கை கழுவிய பின்னரே குழந்தையைத் தொட வேண்டும். அடுப்படி, குடிநீர்ப் பாத்திரம், கழிப்பறை, குழந்தையின் படுக்கை ஆகிய நான்கும் நாள்தோறும் கவனிக்கப்பட வேண்டியவை. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். உணவை அவ்வப்போது சமைத்துச் சூடாகக் கொடுங்கள்.

குழந்தை இருக்கும் அறையில் தூசி பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஒட்டடை அடிப்பது, சுவர் இடிப்பது போன்ற வேலைகள் பூஞ்சை நுண்துகள்களைக் காற்றில் கிளப்பும். பண்டிகைக்கு முன் செய்யும் பெரிய துப்புரவைத் தள்ளிப் போடுங்கள். இயலாவிடில் குழந்தையை வேறு வீட்டில் தங்க வையுங்கள். மாத்திரைகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கையுறை அணிந்து எடுங்கள். கருவுற்ற பெண்கள் அவற்றைத் தொடலாகாது.

பங்கிட்டுக்கொள்ளுங்கள்

"ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்கும் உறவினர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். பெரியவனைப் பள்ளியில் விட்டு வருவது சித்தப்பாவுக்கு, பாத்திரம் துலக்குவது அத்தைக்கு என்று பெயரிட்டுக் கொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நலம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தால் போதும். அம்மை கண்டவர் அருகில் குழந்தை இருந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

இரவு படுக்குமுன் மூன்றை மட்டும் பாருங்கள்: தேதி அடிக்கப்பட்டதா, சோப்பு இருக்கிறதா, பை தன் இடத்தில் உள்ளதா. இம்மூன்றும் சரியாயிருந்தால், துலக்காத பாத்திரங்கள் காலை வரை கிடக்கட்டும். நீங்கள் உறங்குங்கள், நாளைய வேளைக்கும் மாத்திரை கொடுக்க வேண்டியவர் நீங்களே.