நோன்பும் உடலின் எரிபொருளும்

நாம் நோன்பு நோற்பது அல்லாஹ்வுக்காக. உடல் இளைக்கும், நோய் தீரும் என்று கணக்குப் பார்த்து நோற்பதல்ல. எனினும், 13, 14 மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருக்கும் உடல் எதைக் கொண்டு இயங்குகிறது என்பதை அறிந்து கொண்டால், ஸஹரிலும் இஃப்தாரிலும் எதை, எவ்வளவு உண்பது என்பதில் தெளிவு பிறக்கும். உடலும் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்தானே!

இரண்டு சேமிப்புகள்

சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுச் சத்து குடலில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சியது கிளைக்கோஜன் என்ற பெயரில் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. அதற்கும் மேற்பட்டது கொழுப்பாகிவிடுகிறது.

ஒரு கிராம் மாவுச் சத்து 4 கலோரி சக்தி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச் சத்தின் சேமிப்பு அன்றாடச் செலவுக்குக் கைப்பையில் வைத்திருக்கும் சில்லறை போன்றது; கொழுப்போ பெட்டியில் பூட்டி வைத்த பணம். சாதாரண உடல்வாகு உள்ளவரிடமும் பத்துக் கிலோ அளவு கொழுப்பு இருக்கும். அது ஏறத்தாழ 90,000 கலோரிக்குச் சமம்.

பகலில் நடப்பது என்ன?

ஸஹர் உணவு செரித்து முடிந்த பின், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாகச் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. அச்சேமிப்பு குறையக் குறைய, தசைகள் பெரும்பாலும் கொழுப்பை எரித்து வேலை செய்கின்றன. ஆனால் மூளை கொழுப்பை நேரடியாக எரிபொருளாகக் கொள்வதில்லை. ஒரு நாளைக்கு அதற்கு மட்டும் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். தசையிலுள்ள சேமிப்பு தசைக்கே பயன்படும். இரத்தத்துக்குத் திரும்பி வராது. ஆகவே மூளைக்குப் படியளக்கும் பொறுப்பு கல்லீரலைச் சேர்ந்தது.

ஸஹரின் பரக்கத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரவு 10 மணிக்கு உண்டுவிட்டு, ஸஹரை விட்டுவிட்டு, மறுநாள் மாலை 6.30க்கு நோன்பு திறப்பவர் இருபதரை மணி நேரம் உணவின்றி இருக்கிறார். அதிகாலை 4.30க்கு உண்பவருக்கோ அது 14 மணி நேரம்தான். ஸஹரைப் பிற்படுத்துவதும், நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி.

எதை உண்பது?

ஸஹருக்குக் கோதுமை, கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி போன்றவை நல்லவை. இவற்றிலுள்ள நார்ச்சத்தினால் சர்க்கரை மெதுவாக இரத்தத்தில் சேரும். கூடவே பருப்பு, முட்டை, காய்கறி இருக்கட்டும். இனிப்பை மட்டும் தின்றால், சர்க்கரை சட்டென ஏறிச் சட்டென இறங்கும்.

நோன்பு திறக்க இரண்டு மூன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும். பிறகு நம் நோன்புக் கஞ்சி. அரிசியில் மாவுச் சத்து, பாசிப்பருப்பில் புரதம், தேங்காய்ப்பாலில் கொழுப்பு, இவற்றோடு நீரும் உப்பும். நம் முன்னோர் சமநிலை உணவு என்ற பெயரை அறியாமலே அதைச் சட்டியில் வைத்தார்கள்!

குறை கஞ்சியில் இல்லை, அதன் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 20 கலோரி. அதே தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. எண்ணெயில் ஊறிய சமூசா, வடை, பஜ்ஜி என்று அடுக்கினால், பகலெல்லாம் எரித்த கொழுப்பு இஷாவுக்கு முன்பே திரும்பி வந்துவிடும். தராவீஹில் நிற்கவும் உடல் மறுக்கும். கொழுப்பே கூடாது என்பதல்ல. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும். 1918இல் குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டலாகாது. தானியங்களின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ள பெரியவர்கள்

நம் இல்லங்களில் வாப்பாவோ உம்மாவோ நீரிழிவை மறைத்து நோன்பு வைப்பது உண்டு. இன்சுலின் ஊசியும், சிலவகை மாத்திரைகளும் உணவு வராத நேரத்திலும் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டே இருக்கும். கல்லீரல் சர்க்கரை விடுவதையும், கொழுப்பு கரைவதையும் அவை தடுத்துவிடும். உடலில் எத்தனை கிலோ கொழுப்பு இருந்தாலும் அந்நேரத்தில் மூளைக்கு உதவாது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இதன் அடையாளங்கள். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் அருந்த வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து.

நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்க அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் அனுமதி தருகின்றன. தீராத நோயுடையவருக்கு ஃபித்யா இருக்கிறது. அந்தச் சலுகையும் அல்லாஹ் தந்ததே. அதை ஏற்பது ஈமானின் குறைவாகாது. ஆகவே ரமலானுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக் கொள்வோம். வெட்கப்பட்டு மறைக்கும் பெரியவர்களிடம் பிள்ளைகள் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பாங்கு நேரத்தில் அவசரமாக இரண்டு வாய் உண்ணும் நம் வீட்டுப் பெண்களுக்கும் ஸஹர் உரியது. அவர்களையும் உடன் அமரச் செய்வோம்.

வல்ல ரஹ்மான் நம் நோன்புகளை ஏற்று, அவற்றை நிறைவேற்றும் உடல் நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.