ஐ.நா. அமைதிப் பணிக்குப் பெண் காவலர்கள்: முதல் அடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2007 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் நம் சி.ஆர்.பி.எஃப். பெண்கள் நூறு பேருக்கு மேல் போய் இறங்கினார்கள். ஐ.நா. அமைதிப் பணி வரலாற்றில் பெண்களை மட்டுமே கொண்டு அமைக்கப்பட்ட முதல் போலீஸ் அணி அது. சீமா துண்டியா என்ற அதிகாரி தலைமை தாங்கினார். பல ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது மூன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. இரவு ரோந்து, அதிபர் அலுவலகக் காவல், கலவரக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் பார்த்தார்கள். அணிகள் மாறி மாறிப் போய் 2016 வரை அங்கே இருந்தன. அந்தக் காலத்தில் லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாக உயர்ந்ததாக ஐ.நா. பதிவு செய்திருக்கிறது.

பெண்கள் இந்த வேலைக்குச் சரிப்படுவார்களா என்ற கேள்விக்கு மன்ரோவியாவின் தெருக்களிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் 2020-இல் ஐ.நா.வின் போலீஸ் அணிகளில் பெண்கள் 10.9 விழுக்காடுதான். தைரியக் குறைவால் யாரும் நின்றுவிடவில்லை. விண்ணப்பம் கேட்டு வரும் சுற்றறிக்கை கண்ணில் படாதது, ஜீப் ஓட்டிப் பழக விடாதது, வீட்டில் பேசி முடிக்க அவகாசம் கிடைக்காதது போன்ற சின்னச் சின்னத் தடைகளிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டுவது எப்படி என்று சொல்லவே இந்த வழிகாட்டி. காவல்துறையில் இருக்கும் பெண்களும் அவர்களின் மேலதிகாரிகளும் இதைப் படிக்க வேண்டும்.

படி 1: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

ஐ.நா. போலீஸ் பணிக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அணியாகப் போவது. சுமார் 140 பேரோ அதற்கு மேலோ ஆயுதம், வண்டி, கூடாரம் சகிதம் ஒரே நாட்டிலிருந்து போவார்கள். லைபீரியாவுக்குப் போனது இப்படிப்பட்ட அணிதான். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்கு வங்கதேசம் அனுப்பிய பெண்கள் அணியும் அப்படியே. துணை ராணுவப் படைகளிலும் ஆயுதப்படைப் பிரிவுகளிலும் இருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

இன்னொன்று, தனி அதிகாரியாகப் போவது. பல நாட்டுப் போலீஸாரோடு கலந்து நின்று உள்ளூர்க் காவல்துறைக்கு ஆலோசனை சொல்வது, பயிற்சி தருவது, முகாம்களில் மக்களைச் சந்திப்பது போன்ற வேலைகள். காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராகவோ இன்ஸ்பெக்டராகவோ இருப்பவருக்கு இதுவே இயல்பான வழி. ஜம்மு காஷ்மீர் காவல்துறையின் சக்தி தேவி இப்படித்தான் ஆப்கானிஸ்தானுக்குப் போனார். அங்கே பெண் போலீஸாருக்கான மன்றங்களை உருவாக்க உதவியதற்காக 2014-இல் ஐ.நா.வின் சிறந்த பெண் போலீஸ் அதிகாரி விருதைப் பெற்றார்.

கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிக்கானவை.

படி 2: தகுதியைச் சரிபாருங்கள்

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். பயிற்சிக் காலம் போக ஐந்து ஆண்டுகளாவது காவல் பணி செய்திருக்க வேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிய வேண்டும், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், நல்ல உடல்நிலை வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையோ மனித உரிமை மீறல் புகாரோ இருந்தால் கதவு அடைபடும்.

நம் பெண் காவலர்கள் குறைத்து மதிப்பிடும் ஒரு தகுதி உண்டு. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறை, பாலியல் குற்றம், போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்டவரிடம் பக்குவமாகப் பேசி வாக்குமூலம் வாங்கிய அனுபவத்தை ‘லேடீஸ் ஸ்டேஷன் வேலை’ என்று உள்ளூரில் ஒதுக்கிவிடுவார்கள். போர் நடந்த நாடுகளில் அதிகம் தேவைப்படும் திறமை அதுதான். விண்ணப்பத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எத்தனை வழக்குகள், எந்த வகை, என்ன பொறுப்பு என்று தெளிவாக எழுதுங்கள்.

படி 3: சுற்றறிக்கையைத் தேடிப் பிடியுங்கள்

தனி அதிகாரியாகப் போக நேரடியாக ஐ.நா.வுக்கு எழுத முடியாது. அரசுதான் பெயரை அனுப்ப வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதும், அங்கிருந்து மாவட்டங்களுக்கு வரும். வந்து சேரும்போது கடைசித் தேதி நெருங்கியிருக்கலாம். பந்தோபஸ்தில் நிற்பவருக்கோ மகப்பேறு விடுப்பில் இருப்பவருக்கோ சேதியே போகாமலும் இருக்கலாம்.

காத்திருக்காதீர்கள். அமைச்சகத்தின் இணையதளத்தை நீங்களே அடிக்கடி பாருங்கள். மாவட்ட அலுவலக அமைச்சுப் பணியாளர்களிடம் ஆர்வத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கான தடையின்மைச் சான்று, பணிப்பதிவேட்டு நகல், உரிமம் ஆகியவற்றை இப்போதே எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். ஏற்கெனவே போய் வந்த அதிகாரி யாராவது தெரிந்தால் ஒரு மணி நேரம் கேட்டுப் பேசுங்கள். அந்தப் பேச்சில் கிடைக்கும் விவரம் எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது.

படி 4: ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஐ.நா.வின் தேர்வுக் குழு மொழி, வண்டி ஓட்டுதல், துப்பாக்கி சுடுதல் மூன்றையும் சோதிக்கும். பல நாடுகளில் பெண்கள் அதிகம் தடுக்கி விழுவது வண்டித் தேர்வில். காரணம் எளிது. காவல் நிலையத்து ஜீப்பை ஓட்டுவது ஆண் ஓட்டுநர், பெண் அதிகாரி பக்கத்து இருக்கையில் உட்காருகிறார். பத்து வருடப் பணியில் ஒரு நாள்கூடக் கனமான வண்டியை ஓட்டாமல் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தது இந்தத் தேர்வுக்கு உதவாது.

கையால் கியர் மாற்றும் நான்கு சக்கர இழுவை வண்டியில் பழகுங்கள். குறுகிய வளைவு, பின்னோக்கி ஓட்டுதல், குறித்த இடத்துக்குள் நிறுத்துதல் மூன்றும் தேர்வில் வரும். தெற்கு சூடான், காங்கோ போன்ற நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், கியரை வலக்கையால் மாற்ற வேண்டும். இது பழகுவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். மழையில் சேறாகும் மண் சாலைகள்தான் அங்கே அதிகம். போய் இறங்கியதும் மீண்டும் ஓட்டிக் காட்டினால்தான் ஐ.நா. ஓட்டுநர் அனுமதி தருவார்கள்.

பயிற்சிக்குத் துறை வண்டியைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தனியார் பயிற்சிப் பள்ளியில் ஜீப்போ வேனோ ஓட்டிப் பழகுங்கள். சில மாதம் விடாமல் ஓட்டினால் கை படிந்துவிடும்.

பெண்களுக்கு மட்டுமான தேர்வுப் பயிற்சி முகாம்களைப் பல நாடுகளில் ஐ.நா.வே நடத்தியிருக்கிறது. பயிற்சி கொடுத்த இடத்தில் தேர்ச்சி ஏறியது. ஆகவே குறை பெண்ணிடம் இல்லை, வண்டிச் சாவியை அவளிடம் கொடுக்காத பழக்கத்தில் இருக்கிறது.

படி 5: ஆங்கிலமும் துப்பாக்கியும்

ஒலிப்பதிவைக் கேட்டு அறிக்கை எழுதச் சொல்வார்கள், பிறகு நேரில் பேசுவார்கள். இலக்கிய ஆங்கிலம் தேவையே இல்லை. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு எஃப்.ஐ.ஆரின் ஒழுங்கில் எழுதத் தெரிந்தால் போதும். அது உங்களுக்கு ஏற்கெனவே கை வந்த கலை, மொழி மட்டும்தான் வேறு. தினமும் ஆங்கில வானொலிச் செய்தியில் ஒன்றைக் கேட்டு அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். ஆப்பிரிக்க உச்சரிப்புள்ள ஆங்கிலத்தையும் காதுக்குப் பழக்குங்கள்.

துப்பாக்கித் தேர்வு கைத்துப்பாக்கியில், சில மீட்டர் தூரத்தில். வருடாந்திரப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காமல் போய் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

படி 6: வீட்டில் பேசுங்கள்

பணிக்காலம் பொதுவாக ஓராண்டு, நீட்டிப்பும் உண்டு. குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடங்களே அதிகம். ஆண் அதிகாரி போகும்போது ‘பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்’ என்று யாரும் கேட்பதில்லை, பெண்ணிடம் அதுதான் முதல் கேள்வி. அநியாயமான கேள்விதான், ஆனால் பதில் தயாராக இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். பெற்றோர், மாமியார், கணவர் யார் எதைப் பார்ப்பார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். உள்ளூர்ச் சம்பளத்தோடு ஐ.நா. தரும் படியும் அதிகாரியின் கையிலேயே வரும் என்பதையும் சொல்லுங்கள். அது சிறிய தொகை அல்ல.

படி 7: புறப்படும் முன்

ஐ.நா.வின் பாதுகாப்புப் பாடம் ‘பிசேஃப்’ இணையத்தில் இலவசம், அதை முடியுங்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவசியம். சென்னை கிண்டி கிங் ஆய்வு மையத்தில் போடுகிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். உங்கள் உடல் அளவுக்குப் பொருந்தும் குண்டு துளைக்காத சட்டை, பூட்ஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆண் அளவில் தைத்த கவசம் பெண் உடம்பில் சரியாக உட்காராது. நாப்கின், மருந்து, உள்ளாடை எல்லாம் சில மாதத்துக்காவது வேண்டியதை எடுத்துப் போங்கள்.

படி 8: போன இடத்தில்

2013 டிசம்பரில் தெற்கு சூடானில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் ஐ.நா. தளங்களுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அப்படி உருவான முகாம்களில் பெண்களுக்கு ஆபத்து விறகு பொறுக்கப் போகும் வழியில் காத்திருந்தது. எந்த வழி, எந்த நேரம் என்பதை அவர்கள் பெண் போலீஸிடம் எளிதாகச் சொல்வார்கள். ரோந்தை அதற்கேற்ப மாற்ற அந்தத் தகவல் வேண்டும்.

ஆனால் ‘பெண்தானே, பெண்களிடம் மட்டும் பேசட்டும்’ என்று உங்களை ஒரு மூலையில் ஒதுக்கினால் சம்மதிக்காதீர்கள். புலனாய்வு, திட்டமிடல், கட்டளைப் பொறுப்பு எல்லாவற்றுக்கும் கை தூக்குங்கள். கிரண் பேடி 2003-இல் ஐ.நா.வின் போலீஸ் ஆலோசகரானார், மொத்த ஐ.நா. போலீஸுக்கும் மேலிருக்கும் பதவி அது. பாலியல் தொந்தரவு எந்த நாட்டுச் சீருடையிலிருந்து வந்தாலும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

படி 9: மேலதிகாரிகளுக்கு

இந்தியக் காவல்துறையில் பெண்கள் சுமார் 12 விழுக்காடு. அனுப்ப ஆள் வேண்டுமென்றால் முதலில் சேர்க்க வேண்டும். ஐ.நா. 2018-இல் வகுத்த திட்டம், 2028-க்குள் தனி அதிகாரிகளில் 30 விழுக்காடும் அணிகளில் 20 விழுக்காடும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஜெனீவாவின் டிகாஃப் நிறுவனமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெண்களைத் தடுக்கும் காரணங்களைப் பத்து வகையாகப் பிரித்து நாடு நாடாக ஆராய்ந்தன. வீட்டுப் பொறுப்பு அதில் ஒன்றுதான். தேர்வு முறை, பதவி உயர்வில் மதிப்பு, தலைமையின் அக்கறை, முகாம் வசதி என்று மற்ற பலவும் துறையின் கையில் இருப்பவை.

போய் வந்தவரை மறுநாளே பழைய மேசையில் உட்கார வைத்தால் அடுத்தவர் ஏன் போக வேண்டும்? அந்த ஓராண்டு பதவி உயர்வுப் பட்டியலில் கணக்கில் வரட்டும். காவலர் பயிற்சிப் பள்ளியில் அவர் வகுப்பெடுக்கட்டும். அடுத்த சுற்றறிக்கை வந்ததும் உங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு பெண் அதிகாரிக்கும் அன்றே அனுப்புங்கள், ஜீப் சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்.