வாழ்க்கை நிறைவை வினாவால் அளத்தல்

இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறியும் அறிவினைத் தன்வேதனைக் காட்சி என்பர் நம் ஆசிரியர். சிவஞான சித்தியார் அளவை இயலில் வாயிற்காட்சி, மானதக்காட்சி, யோகக்காட்சி என்பவற்றோடு ஒருங்கு வைத்து இஃது ஓதப்பட்டது. ஒருவன் நெஞ்சின் நிறைவு அவனுக்கே காட்சி; பிறனுக்கு அஃது அவன் உரைவழிக் கருதலாகவே எய்தும். இவ்வேறுபாட்டை உளத்துக்கொண்டு, இக்காலத்து உளநூலார் வகுத்துள்ள வினாநிரல்களை ஆராய்வாம்.

வியன்னா நகரத்து மருத்துவர் விக்டர் பிராங்கலின் கொள்கையைத் தழுவி, கிரம்பா, மகோலிக் என்னும் இருவர் 1964-ல் வாழ்க்கைக்குக் குறிக்கோள் உண்டென்னும் உணர்வை 20 வினாக்களால் அளக்க முற்பட்டனர். 1982-ல் பலூட்சியன், எல்லிசன் என்போர் வேறொரு நிரலை வெளியிட்டனர். அதன்கண் உள்ள 20 கூற்றுக்களுள் பத்து இறைவனோடுள்ள தொடர்பு பற்றியன. ஏனைப் பத்தும் கடவுட்பெயரின்றி வாழ்க்கையின் பயனும் நிறைவும் பற்றியன. விடையிறுப்போர் ஒவ்வொரு கூற்றுக்கும் முற்றும் உடன்படுதல் முதல் முற்றும் மறுத்தல் ஈறாக ஆறு படிகளுள் ஒன்றிற் குறியிடல் வேண்டும். பகுதி ஒன்றிற்கு 10 முதல் 60 வரை எண் வரும்.

இம்முயற்சி நம் ஊர்க்கும் புறம்பானதன்று. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க 100 வினாக்கள் வகுத்தபோது, அவை சோதிக்கப்பட்ட 15 நடுவிடங்களுள் சென்னையும் ஒன்று. அந்நிரலின் ஆறு பகுதிகளுள் ஆன்ம நம்பிக்கை தனியொரு பகுதியாய் நின்றது. 26 வினாக்களாகச் சுருக்கியபோதோ ஆறும் நான்காய்க் குறைந்து, வாழ்க்கை பயனுடையதா என்னும் வினா மனத்தின் பகுதியிற் புகுந்தது. மனம் கருவி, உயிர் கருத்தா என்று கொள்ளும் நமக்கு இஃதொரு சிறு திருத்தமாகத் தோன்றாது. பின்னர் இக்குறையை உணர்ந்தார்போலும், 2006-ல் வெளியான ஆய்வில் வியப்பு, அகவமைதி, நம்பிக்கை முதலிய எட்டுத் தலைப்பின்கீழ் 32 வினாக்கள் ஆன்மநிலைக்கெனத் தனியே வகுத்தனர்.

இனி, குற்றங்காண்பாம். மனவமைதி, வாழ்வில் நிறைவு என்பவற்றை வினவிவிட்டு அவற்றையே ஆன்மநலம் எனப் பெயரிட்டு, ஆன்மநலமுடையார்க்கு மனவமைதி மிகுதி என்று முடிவுகட்டுதல் தருக்கநூலார் கூறும் தன்னைப் பற்றுதல் என்னுங் குற்றமேயாம். மேனாட்டாருள் ஹெரால்டு கோனிக் என்பவர் 2008-ல் இதனையே எடுத்துக்காட்டினர். இன்னும், சமயப்பற்று மிக்க கூட்டத்தாரிடை முற்கூறிய 20 கூற்று நிரலைக் கொடுப்பின் பெரும்பாலோர் உச்சியை அடுத்த எண்ணையே பெறுகின்றனர் என்றும், ஆங்கு அது வேறுபாடு காட்டாது என்றும் 1991-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடியார் கூட்டத்தில் ‘இறைவன் என்பாற் கருணையிலன்’ என்று எவர் குறியிடுவர்?

குறியிட்டவர் ஒருவர் உளர். அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே உள்ள வடதிருமுல்லைவாயிலுக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் எழுந்தருளியபோது அவர்க்குக் கண்ணில்லை. ஒற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்ததனால் ஒளியிழந்து, துயர்களைய வேண்டிப் பாடிக்கொண்டு வந்தவர். அந்நாளில் நிரலை அவர்முன் வைத்திருப்பின் நிறைவு இல்லை, எதிர்காலத்துத் துணிவு இல்லை, இறைவன்பால் முறையீடே உண்டு என்று விடை வரும். எண்ணும் கீழே நிற்கும். ஆனால் அம்முறையீடுதான் தோழமை. இறைவனொடு வழக்காடுதற்கு உரிமையுடையார் சிலரே. குறைந்த எண்ணைக் கண்டு ‘இவ்வுயிர் இறைவனின் விலகிற்று’ எனக் கொள்வோர் ஆண்டுத் திரிபுக்காட்சியே பெறுவர்.

இதனினும் நுண்ணியது ஒன்று. நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றலை இருவினையொப்பு என்றும், அதன்பின் மலபரிபாகமும் சத்திநிபாதமும் நிகழும் என்றும் நூல்கள் நுவலும். அந்நிலை எய்தியவன் ‘என் வாழ்க்கை இனிதாயிற்று’ என்னுங் கூற்றின் எதிரே எப்படியிற் குறியிடுவான்? ஆறு படிகளுள் நடுப்படி என்பது இல்லை. மூன்று இசைவு, மூன்று மறுப்பு. ஐந்து படியுடைய நிரலாயின் நடுவிற் குறியிடலாம். ஆயின் எதிலும் ஊக்கமின்றிச் சோர்ந்து கிடப்பவனும் அந்நடுவிலேயே குறியிடுவான். பற்றற்றவனும் மடிந்தவனும் ஓரெண் பெறும் இடத்தில் கோல் அளப்பது யாது?

அற்றேல், சத்திநிபாதத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நம்மவரும் படிவகுத்தனரே, அஃது அளத்தலன்றோ எனின், ஒக்கும். ஆண்டு நோக்குவோன் குரு. நோக்கப்படுவது மாணாக்கனின் பக்குவம். அவன் தன்னைப்பற்றித் தான் கூறும் மதிப்பு அன்று. ‘நான் நிறைவுடையேன்’ என்பதன்கண் உள்ள நான் என்பதையே ஐயுறுவது நம் நூல். பூவிருந்தவல்லியை அடுத்த திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனாரைச் சூதாடுபவர் என்றே கண்டவர் கூறியிருப்பர். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அடியார்க்கு அமுதாக்குவித்துக் கடைப்பந்தியில் உண்டார் என்பதைக் குன்றத்தூர்ச் சேக்கிழார் கூறியே நாம் அறிகின்றோம்.

இவ்வளவிற் கோலையே எறிந்துவிடுக என்பது எம் கருத்தன்று. தீராப்பிணியாளரிடத்தும், தனித்திருக்கும் முதியோரிடத்தும், ‘வாழ்வதிற் பயனில்லை’ என்னும் ஒரு குறி வெளிப்படுமாயின் அதுவே பேருதவி. வாய்திறந்து கூற நாணும் துயரைத் தாளிற் குறியிடுவோர் பலர். அவரிடத்து ‘வினைப்பயன்’ என்று வாளா இருத்தலைச் சைவம் என்பார் உளராயின் அவர் சைவம் அறியார். கடுந்துயருற்றார்க்கு மருத்துவரும் வேண்டும், அருகிருந்து கேட்பாரும் வேண்டும்.

தமிழில் இவற்றைப் பெயர்ப்போர்க்கு ஒரு சொல். ‘உம் வாழ்க்கை பொருளுடையதா?’ என்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒருவரை வினவுக. மாத ஊதியம் போதாது என்றே விடை வரும். பொருள் என்னுஞ் சொல் செல்வத்தையும் குறிக்கும் என்பதைப் பெயர்ப்பாளர் மறத்தல் ஆகாது. பயன் என்னின் பெரும்பாலும் ஒக்கும். ஆயின் பிணிப்பட்டார் செவியில் அது வினைப்பயனாக ஒலித்தலுங் கூடும். ‘எதற்காக வாழ்கின்றோம் என்பது உமக்குத் தெளிவாக உள்ளதா?’ என நீட்டி வினவுதல் எமக்கு இசைவாகத் தோன்றுகின்றது.