ஒரே கதிரை, இருபத்தொரு படம்

கேள்வி: மகளுக்கு இரண்டு வயது. பட்டம் வாங்கும்வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்டூடியோவில் படம் எடுத்து வைக்க ஆசை. ‘எல்லாம் போனிலேயே இருக்கிறதே, வீண் செலவு’ என்கிறார் கணவர். எப்படித் தொடங்குவது?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: கணவர் சொல்வது பாதி சரி. போனில் படம் இருக்கும். பத்து வருடம் கழித்துத் தேடும்போது அந்தப் போன்தான் இருக்காது.

படம் பிடிக்க ஸ்டூடியோ ஏறுவது கண்டிக்குப் பழைய பழக்கம். 1870-களிலேயே சார்ல்ஸ் ஸ்கோவன் இங்கே ஸ்டூடியோ வைத்திருந்தார். அன்றைய கண்ணாடித் தட்டில் உருவம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அவ்வளவு நேரம் எந்தக் குழந்தை அசையாமல் இருக்கும்? துணியால் தன்னை மூடிக்கொண்ட தாய், பின்னாலிருந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் படங்கள் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏராளம். இன்று அந்தச் சிரமம் இல்லை. தூங்கி எழுந்து வயிறு நிறைந்த காலை வேளையில் கூட்டிப்போனால் பாதி வேலை முடிந்தது.

எதை மாற்றக்கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிகலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் 2022 வரை ஆண்டுக்கு ஒரு படமாக வெளியிட்டார். எல்லாமே கறுப்பு வெள்ளை. நால்வரும் நிற்கும் வரிசை மாறவே இல்லை. அதனால்தான் பார்ப்பவர் கண் நேரே முகங்களுக்குப் போகிறது.

வீட்டிலுள்ள சாதாரண மரக்கதிரை ஒன்று போதும். இரண்டு வயதில் கால்கள் அந்தரத்தில் ஆடும். ஏழெட்டில் பெருவிரல் நிலத்தைத் தொடும். பதினைந்தில் முழங்கால் உயர்ந்து கதிரையே சிறுத்துப் போகும். இருபத்திரண்டில் அதே கதிரையின் கையில் பட்டமளிப்புக் கவுன் வழிந்து கிடக்கும். அரண்மனைத் திரை, நீர்வீழ்ச்சித் திரை எதுவும் வேண்டாம். வெறும் சாம்பல் நிறச் சுவர் நல்லது. கமரா பிள்ளையின் கண்மட்டத்தில், ஒவ்வொரு வருடமும் அதே தூரத்தில் இருக்கட்டும். கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும், பிறகு வளர்ந்தது பிள்ளையா மூக்கா என்றே தெரியாது! ஸ்டூடியோ மாறலாம், படம் பிடிப்பவரும் மாறலாம். தூரத்தையும் திகதியையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்தால் அடுத்தவர் பார்த்துக்கொள்வார்.

வெளியில் எடுக்க விரும்பினால் பேராதனைப் பூங்காவில் ஓர் அளவுகோல் நிற்கிறது: பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவி மேரியும் 1901-இல் நட்ட நாகலிங்க மரம். மப்பான காலை நேரத்தில் முகத்தில் நிழல் விழாது.

இன்னொன்று. நேசரிப் பிள்ளைகளுக்குக் குட்டிக் கவுனும் தொப்பியும் மாட்டிப் ‘பட்டம்’ கொடுப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தப் படத்தைத் தவறவிட வேண்டாம். உண்மைக் கவுன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

கேள்வி: 1980-களில் எடுத்த எங்கள் கலர் படங்கள் வெளிறிவிட்டன. அம்மம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் அப்படியே இருப்பது ஏன்?
– வாசகர், கம்பளை

பதில்: கறுப்பு வெள்ளையில் உருவமாக இருப்பது வெள்ளி, ஒழுங்காகக் கழுவிய படம் நூறாண்டு தாங்கும். கலரில் இருப்பது சாயம்; வெளிச்சமும் வெக்கையும் அதைத் தின்றுவிடும். மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணமும் சேரும். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்த்தெடுக்க வேண்டாம், அல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெள்ளைப் புள்ளியை ஈரத்துணியால் துடைத்தால் புள்ளியோடு முகமும் போய்விடும்.