பேசாத பிள்ளையும் பெரிய கணக்கும்



திருஞானசம்பந்தப் பெருமான் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு தேவாரம் பாடிய வரலாற்றை நம் தேவார வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள். அது இறைவனின் திருவருள். அந்த நிலையை எட்டாவிட்டாலும், வயதை மிஞ்சிய அறிவுடைய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களை அடையாளம் காண்பது பற்றி, வாழ்நாளை வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

கணித மேதை இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்தார். மூன்று வயது வரை அவர் சரியாகப் பேசவில்லை. வீட்டார் கலங்கிப் போனார்கள். அதே பிள்ளை பத்து வயது நிரம்புமுன், 1897-இல், தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். பதின்மூன்று வயதுக்குள் பெரிய மாணவர்களிடம் இரவல் வாங்கிய திரிகோணமிதி நூலை முடித்துவிட்டார். ஆனால் கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார். ஆகவே, வாய் பேசத் தாமதித்ததை வைத்து மந்தம் என்று தீர்மானித்துவிடக் கூடாது. பேச்சு தாமதித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டியதும் அவசியம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

நான் கண்ட அறிகுறிகளைச் சொல்கிறேன். யாரும் கற்றுத்தராமலே கடைப் பலகையையும் பேருந்து எண்ணையும் படிக்கத் தொடங்கும். ஒருமுறை கேட்ட கதையில் நாம் ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஒரே பொருளில் மணிக்கணக்காக மூழ்கியிருக்கும். தன் வயதுப் பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களோடு பேசப் பிரியப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்விகள்! 'ஏன்' என்பதோடு நில்லாமல், நாம் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கும். வகுப்பில் இத்தகைய பிள்ளைதான் பெரும்பாலும் 'சேட்டைக்காரன்' என்று பெயர் வாங்குகிறது. பாடம் தெரிந்துவிட்டால் அது வேறென்ன செய்யும்? பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். அடக்கமாக உட்கார்ந்து, தெரிந்ததையும் மறைத்துக்கொள்ளும்.

மனப்பாடமாய்ப் பத்துத் திருக்குறள் ஒப்பிப்பது மட்டும் அறிகுறியாகாது. பழக்கினால் எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும்.

சோதனைகளும் தவறக்கூடும். அமெரிக்காவில் டெர்மன் என்னும் பேராசிரியர் 1921-இல் அறிவுக்கூர்மைச் சோதனை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் தேறாமல் ஒதுக்கப்பட்ட சிறுவர்களில் இருவர், ஷாக்லியும் அல்வாரெசும், பின்னாளில் (1956, 1968) பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் நாட்டில் 1996 முதல் 2000 வரை, மூன்றாம் ஆண்டில் ஒரு தேர்வு எழுதி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லும் வழி இருந்தது. பிறகு அது நிறுத்தப்பட்டது. பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கெனத் தனி மையம் ஏற்பட்டது. இச்செய்தி தோட்டத்திலிருந்து ஜெலாப்பாங்கில் வந்து குடியேறிய பல குடும்பங்களுக்கு எட்டவே இல்லை என்பது என் வருத்தம்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் கேள்விகளைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது அதை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். நன்கொடையாளர்கள் அன்னதானத்தோடு நல்ல கதைப் புத்தகங்களும் கணக்குப் புத்தகங்களும் வாங்கித் தந்தால், தேவார வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்திலேயே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம்.