கல்லுக்கும் முகவரி உண்டு

நுழையும்முன்

நிலத்தைப் படிக்கக் கற்றவருக்குக் கல்லும் ஓர் ஏடாகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வறண்ட ஓடைகளில் கிடக்கும் கல்லாகிப்போன சிப்பிகள், அங்கே கடல் அலையடித்த காலத்தை நமக்குக் கூறுகின்றன. அவற்றைத் தேடிச் சென்ற ஆசிரியர் இருவர், தம் பிழையிலிருந்து பெற்ற பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடலைத் தேடி ஒரு பயணம்

விடுமுறை நாள்களில் நானும் என் நண்பரும் கல் தேடிப் புறப்படுவது வழக்கம். நான் தமிழாசிரியன், அவர் அதே பள்ளியில் புவியியல் ஆசிரியர். நிலவியலில் எங்கள் இருவருக்கும் பட்டம் இல்லை. ஆர்வம் மட்டுமே உண்டு. தண்ணீர்க்குடுவை, துணிப்பை, உருப்பெருக்கிக் கண்ணாடி, தலைக்கு ஒரு துண்டு ஆகியவையே எங்கள் கருவிகள்.

முதற்பயணம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊருக்கு அமைந்தது. காரைக்கும் கொளக்காநத்தத்திற்கும் இடைப்பட்ட நிலத்தை மழைநீர் பன்னெடுங்காலமாக அறுத்து, எண்ணற்ற சிறு பள்ளங்களாக்கியிருக்கிறது. செம்மை படர்ந்த களிமண் மேடுகள். நிழல்தரும் மரங்கள் அரிது. மண்ணில் புதைந்த ஜிப்சத் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லுகள்போல் மின்னின.

குனிந்த தலை நிமிராமல் நடந்த எங்களைக் கண்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார்.

“என்னங்கய்யா தேடுறீங்க? ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?”

“கடலைத் தேடுகிறோம், பெரியவரே” என்றார் நண்பர்.

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். “கடலா! இந்த ஓடையில தண்ணி பார்த்தே ரெண்டு வருசமாச்சு. நத்தைக்கல்லுன்னா சொல்லுங்க. அந்த மேட்டுக்குப் பின்னாடி கிடக்கும்.”

அவர் காட்டிய மேட்டின் சரிவில் முதல் அம்மோனைட்டைக் கண்டோம். உள்ளங்கையளவு இருந்த அக்கல்லில், சுருள்மேல் சுருளாக ஓர் உயிரின் வடிவம் பதிந்திருந்தது. அன்று மாலைக்குள் பதினொரு கற்கள் எங்கள் துணிப்பையை நிறைத்தன. புதையல் எடுத்தவர்போல் வீடு திரும்பினோம்.

உயிர் கல்லாகும் விதம்

அம்மோனைட் நத்தையன்று, கணவாய்க்கு உறவான கடல்வாழ் உயிரி. அதன் ஓட்டின் உட்பகுதி பல அறைகளாகப் பிரிந்திருக்கும். கடைசி அறையில் உயிரி வாழும். மற்ற அறைகளில் நிறைந்த வளி அது நீரில் மிதக்கத் துணைபுரியும். ஆட்டுக்கடாவின் கொம்பினை ஒத்த இவ்வடிவமே, கடாக்கொம்புடைய எகிப்தியக் கடவுளான அம்மோனின் பெயரை இதற்குப் பெற்றுத்தந்தது. கண்டகி ஆற்றில் கிடைத்து, வழிபாட்டில் இடம்பெறும் சாளக்கிராமக் கற்களும் அம்மோனைட்டுகளின் புதைபடிவங்களே.

இவ்வுயிரி இறந்தபின் அதன் ஓடு கடலடிச் சேற்றில் அமிழ்கிறது. மேன்மேலும் சேறு படிய, அடியிலுள்ள படிவுகள் இறுகிப் பாறையாகின்றன. ஓட்டினுள் புகுந்த சேறு அதன் அச்சாக இறுகுவதும் உண்டு. ஓட்டின் பொருள் சிறிதுசிறிதாகக் கரைய, அவ்விடத்தைக் கனிமங்கள் நிரப்புவதும் உண்டு. பொருள் மாறினும் வடிவம் மாறுவதில்லை. இங்ஙனம் உருவாவதே புதைபடிவம்.

காரையின் படிவுகள் கிரெட்டேசியசு காலத்தைச் சார்ந்தவை. அக்காலம் ஏறத்தாழ 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அக்காலத்தின் இறுதியில் தொன்மாக்களாகிய டைனோசர்களுடன் அம்மோனைட்டுகளும் அழிந்தொழிந்தன. இன்று அரியலூர்ப் பகுதியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லிலும் அக்கடலின் சிப்பிகள் செறிந்துள்ளன. நம் வீட்டுச் சுவரிலும் அக்கடலின் ஒரு துளி கலந்திருக்கக்கூடும்.

எங்களுக்கு முன் வந்த இருவர்

இந்நிலத்தில் கல் தேடியவர்களுள் நாங்கள் முதல்வர் அல்லர். 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டினர். அவர்கள் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர்கள். நிலவியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அவர்கள் திரட்டியவை இலண்டன் நிலவியல் கழகத்தைச் சென்றடைந்தன. எட்வர்டு ஃபோர்ப்சு அவற்றுள் முதுகெலும்பற்ற உயிரிகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1846இல் வெளிவந்தது.

அதன்பின் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இப்பகுதியை அளந்தறிந்து, பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். சுடோலிச்சுகா இங்குக் கிடைத்த புதைபடிவங்களை விரிவான தொகுதிகளாக விளக்கி எழுதினார். நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே.

பேச மறுத்த கற்கள்

எங்கள் பதினொரு கற்களையும் கல்லூரி நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் பெருமையுடன் கொண்டு சென்றோம். அவர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல கற்கள். இதை எந்த இடத்தில் எடுத்தீர்கள்?”

“காரையில், ஐயா.”

“காரை பெரிய நிலம். எந்த ஓடை? மேட்டின் அடியிலா, நடுவிலா, உச்சியிலா? பாறையில் பதிந்திருந்ததா, உருண்டு கிடந்ததா? இதன் அருகில் வேறு என்ன இருந்தது?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினொன்றையும் ஒரே பையில் போட்டிருந்தோம். எது எங்கே கிடந்தது என்பது எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “அம்மோனைட்டின் இனங்கள் விரைந்து மாறிக்கொண்டே வந்தவை. ஆகவே, ஓர் அடுக்கில் எந்த இனம் உள்ளது என்பதைக்கொண்டே அந்த அடுக்கின் காலத்தை அறியலாம். இடம் தெரிந்தால் இது சான்று, இடம் தெரியாவிட்டால் வெறும் அழகுப்பொருள்” என்று மட்டும் கூறினார்.

திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பேருந்து ஊரை நெருங்கியபோது, “தமிழையா, நாம் கல்லை எடுத்து வந்தோம், கதையை அங்கேயே விட்டுவிட்டோம்” என்றார். சுவடிக் கட்டிலிருந்து உருவிய தனியோலை என் நினைவுக்கு வந்தது. எழுத்து இருக்கும், எந்நூலின் எப்பகுதி என்பது தெரியாது. நாங்கள் செய்ததும் அதுவே. மீண்டும் கொண்டுபோய் வைக்கவும் இயலாது. வைக்கும் இடம் தெரிந்தாலன்றோ வைக்க முடியும்!

மாறிய வழக்கம்

அதன்பின் எங்கள் துணிப்பையின் இடத்தைக் குறிப்பேடு பிடித்துக்கொண்டது. ஒரு படிவத்தைக் கண்டால், அருகில் அளவுகோலை வைத்து முதலில் ஒளிப்படம் எடுப்போம். நாள், இடம், பாறையின் நிறம், அருகிலுள்ள பிற படிவங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். பிறகு அதனை அங்கேயே விட்டுவிடுவோம். அரிதெனத் தோன்றுவதை அத்துறை அறிஞர்க்குத் தெரிவிப்போம்.

அங்கேயே விடுவதிலும் இழப்பு இல்லாமல் இல்லை. நாங்கள் குறித்து வைத்த பெரிய அம்மோனைட் ஒன்று, அடுத்த மழைக்காலத்திற்குப்பின் அவ்விடத்தில் இல்லை. நண்பர் மிகவும் வருந்தினார். ஆயினும் குறிப்பேட்டில் அதன் இடமும் அளவும் படமும் இருந்தன. ஆய்வகத்தில் கல் இருந்தும் செய்தி இல்லை. இங்கோ கல் இல்லாமற்போயினும் செய்தி இருந்தது.

இதற்குப் பெருஞ்சான்று ஒன்றுண்டு. அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களில் ஆராய்ந்து, அவ்விலங்கிற்குப் புருகத்காயோசாரசு எனப் பெயரிட்டனர். அவ்வெலும்புகள் பின்னர்ச் சிதைந்து அழிந்தன. இன்று அறிஞர்கள் அவ்விலங்கைப் பற்றி விவாதிக்க உதவுபவை, எஞ்சிய விளக்கங்களும் வரைபடங்களும் ஒளிப்படங்களுமே.

எங்கள் பதினொரு கற்களும் பள்ளி ஆய்வகத்தில் உள்ளன. அவற்றின் அருகில் நண்பர் தம் கையால் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது: “அம்மோனைட் முதலியன. காரை. இடம் குறிக்கப்படவில்லை. தவறு எங்களுடையது.” புதிதாக வரும் மாணவர்க்கு அவர் முதலில் காட்டுவது கல்லையன்று, அந்த அட்டையைத்தான்.

தெரிந்து தெளிவோம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் பாதுகாக்கப்படுகிறது. இதனை 1940இல் வெளிக்கொணர்ந்தவர் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். நிலத்தில் வளர்ந்த இம்மரம், நீரால் அடித்துவரப்பட்டுக் கடற்படிவில் புதைந்து கல்லானது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரிக்கரை, ஓடை, குன்று ஆகியவற்றுள் ஒன்றை ஆசிரியர் துணையுடன் பார்வையிட்டு, அங்குக் காணும் மண், கல் வகைகளை நாள், இடம் குறித்துப் பதிவு செய்க.
2. ‘இடம் தெரிந்தால் சான்று, இடம் தெரியாவிட்டால் அழகுப்பொருள்’ என்னும் கூற்று கல்வெட்டு, சுவடி, நாணயம் ஆகியவற்றிற்கும் பொருந்துமா? வகுப்பில் கலந்துரையாடுக.
3. “தவறு எங்களுடையது” என அட்டையில் எழுதியதன் வாயிலாக ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்துவது யாது? ஒரு பக்க அளவில் எழுதுக.